எட்டுத்தூண் வாசலில் ஏழு தூண்

செப்டம்பர் 12

யோவ் மைனரு,

உன் டைரியை எடுத்துவிட்டேன். கோபம் வந்தால் வந்து பிடுங்கிக்கொள். நகைக்கடைக்காரர் கொடுத்தது. என் வாழ்க்கையையே எழுதப் போகிறேன் என்று பீரோ மேல் வைத்தாய். முதல் பக்கத்தில் ஏகாம்பரம் என்று கையெழுத்துப் போட்டு, கீழே இரண்டு கோடு இழுத்ததோடு சரி. போன வருஷத்து டைரி என்பதால் கிழமை எதுவும் பொருந்தவில்லை. தேதியை மட்டும் பார்த்து எழுதுகிறேன். ஐந்தாவதோடு நின்றவள். தப்பு இருந்தால் சிரிக்காதே.

எழுதுவதற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. சாயங்காலம் வண்டியை நிறுத்திவிட்டு வந்ததும், இன்றைக்கு யார் ஏறினார்கள், எந்த நாட்டுக்காரர், என்ன கேட்டார்கள் என்று காது வலிக்கப் பேசுவாய். இப்போது அந்த நேரம் சும்மா கிடக்கிறது. அதனால் நான் பேசுகிறேன். நீ கேள்.

உன் கருமாதியன்று ரிக்‌ஷா ஸ்டாண்டுக்காரர்கள் ஒட்டின போஸ்டர்களில் ஒன்றுதான் மிச்சம். கந்தசாமி கோயில் பக்கம் இருந்ததை மாடு தின்றுவிட்டது. பசை ருசியில் நக்கி நக்கி உன் மீசை வரைக்கும் வந்ததாம். உன் கூட வண்டி ஓட்டுகிற டில்லி சொல்லிச் சொல்லிச் சிரித்தான். சிரித்து முடித்துவிட்டு அழுதான். பூக்கடைச் சுவரில் இருந்ததன் மேல் யாரோ காதுகுத்து போஸ்டர் ஒட்டிவிட்டார்கள். எட்டுத்தூண் வாசல் பக்கச் சுவரில் ஒட்டினது மட்டும் வெயில் படாமல் புதுசு மாதிரி இருக்கிறது. கண்ணீர் அஞ்சலி. கூலிங் கிளாஸ் போட்ட படம். துக்கத்துக்கு ஒட்டின போஸ்டரில் கல்யாண மாப்பிள்ளை மாதிரி சிரிக்கிறாய்.

அதற்குக் கீழே உன் ரிக்‌ஷாவைச் சங்கிலி போட்டு நிறுத்தியிருக்கிறேன். பக்கத்தில் என் மோர்ப் பானை. மூன்று பேரும் பழையபடி ஒரே இடத்தில்தான் இருக்கிறோம்.

டீக்கடையில் கிளாஸைக் கையில் வாங்கினாய், அப்படியே சரிந்தாய் என்றார்கள். அந்த டீ என்ன ஆனது என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

செப்டம்பர் 15

இன்றைக்கு ஒரு கூட்டம் வந்தது. எல்லார் தலையிலும் தொப்பி, கழுத்தில் அட்டை, கையில் தண்ணீர் பாட்டில். முன்னால் ஒரு பொண்ணு. சம்யுக்தா என்று பேர். அண்ணா நகரில் வீடாம். 'பழைய பட்டணம் நடை' என்று ஒரு கம்பெனி ஆரம்பித்திருக்கிறார்கள், அதில் ஊர் சுற்றிக் காட்டுகிற வேலை அவளுக்கு.

உன் ரூட்டேதான் மைனரு. ஐகோர்ட் கலங்கரை விளக்கம், அர்மீனியன் தெரு தேவாலயம், காளிகாம்பாள் கோயில், பவழக்காரத் தெரு, கடைசியில் நம்முடைய வாசல். நீ மிதித்துக் காட்டினதை அவள் நடத்திக் காட்டுகிறாள். அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் அவள் கையில் தாளை வைத்துக்கொண்டு பேசுகிறாள். நீ காற்றிலிருந்து எடுத்துப் பேசுவாய்.

வாசலின் கதையை அவள் தமிழிலும் சொன்னாள். நானும் கேட்டேன். வெள்ளைக்காரனுக்குப் பேச்சு மாற்றிச் சொல்லிச் சம்பாதித்த ஒரு துபாஷ் கட்டின மாளிகையாம். மாளிகை எப்போதோ போய்விட்டது. வாசல் மட்டும் நிற்கிறது. பேர் எட்டுத்தூண், நிற்பது ஏழு.

வந்தவர்கள் விரலை நீட்டி ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தார்கள். யார் வந்தாலும் அப்படித்தானே. உன் வண்டியில் வருகிறவர்களும் எண்ணுவார்கள். ஏழு வரைக்கும் வந்து, விரல் அந்தரத்தில் நிற்கும். எட்டாவது எங்கே என்று உன்னைப் பார்ப்பார்கள். நீ அதற்காகவே காத்திருந்த மாதிரி கூலிங் கிளாஸைச் சரி செய்துகொண்டு, மோர்ப் பானைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற என்னைக் கையைக் காட்டி இங்கிலீஷில் ஏதோ சொல்வாய். அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். சிரிப்பார்கள். சில பேர் கும்பிடுவார்கள். ஒரு தாடிக்காரர் என் காலைத் தொட வந்துவிட்டார், நான் கரண்டியை ஓங்கினேன்.

"இன்னாய்யா சொன்னே என்னப் பத்தி?" என்று எத்தனை தடவை கேட்டிருப்பேன்.

"ஊரப் பத்தி சொன்னேன்மே. நீ மோர ஊத்து."

இவ்வளவுதான் உன் பதில். எத்தனையோ வருஷமாக இதே பதில்.

செப்டம்பர் 19

சம்யுக்தா இன்றைக்குத் தன் முதலாளியோடு வந்தாள். ரகுநந்தன் சார். வெள்ளைச் சட்டை, மெதுவான குரல். கெட்டவர் மாதிரி தெரியவில்லை. அதுதான் எரிச்சல்.

"அம்மா, டிசம்பர்ல இங்க ஒரு பாரம்பரியத் திருவிழா நடத்தறோம். சுவருக்குச் சொந்தக்காரங்க சம்மதம் கொடுத்துட்டாங்க. இதைச் சுத்தம் பண்ணி, அழகா ஓவியம் வரையப் போறோம். அந்த போஸ்டரை எடுத்துடலாமா?"

"அது போஸ்டர் இல்ல சார். என் வூட்டுக்காரரு."

"புரியுதும்மா. ஆனா வர்றவங்க போட்டோ எடுக்கும்போது..."

"அவரும் நிப்பாரு. போட்டோன்னா ஒரு நாளும் மாட்டேன்னு சொன்னதில்ல."

சம்யுக்தா குனிந்து சிரித்ததை நான் பார்த்தேன்.

அப்புறம் விளக்கமாகச் சொன்னேன். "எங்க ஸ்டாண்டுல ஒரு பழக்கம் கீது சார். செத்தவங்க படத்த எவனும் கையால கிழிக்கக் கூடாது. மேல வேற ஒட்டலாம், மாடு துன்னலாம், அதெல்லாம் நம்ம கையில இல்ல. ஆனா மனுஷன் கை படக் கூடாது. மழை வந்து, தானா கரைச்சுக்கினு போவணும். அப்பதான் போனவங்க நல்லபடியா போனாங்கன்னு அர்த்தம்."

அவர் வானத்தைப் பார்த்தார். "மழை எப்பம்மா வரும்?"

"அத நீங்க மழையத்தான் கேக்கணும்."

செப்டம்பர் 20

மோர் புளித்துவிட்டது. விற்கவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அக்டோபர் 3

சுரண்டுகிற தகடும் வாளித் தண்ணீருமாக மூன்று ஆட்கள் வந்தார்கள். எனக்கு முதல் நாளே காற்றுவாக்கில் சேதி வந்துவிட்டது. காலையிலேயே போய் போஸ்டரில் முதுகை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். உன் தாடை என் தலைக்கு மேல் இருந்திருக்கும்.

"கொஞ்சம் நவுருங்கம்மா."

"சுரண்டணும்னா என் முதுகுலர்ந்து ஆரம்பி."

டில்லி ஸ்டாண்டிலிருந்து நாலைந்து வண்டிக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வந்து, வண்டிகளைக் குறுக்கே நிறுத்தினான். "அண்ணி, நீ குந்து. எவன் கை வெக்கிறான்னு பாத்துடலாம்," என்று சட்டைக் கையை மடக்கினான். அவனுக்கு இருக்கிற உடம்புக்கு அந்தச் சட்டைக்குள் இன்னும் இரண்டு பேர் போகலாம். ஆனாலும் தைரியமாக இருந்தது.

வந்தவர்களில் ஒருத்தர் கொஞ்சம் வயசானவர். தகட்டைக் கீழே வைத்துவிட்டு எனக்கு மேலே இருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தார். "'பாசத்தின் சிகரம், பண்பின் இமயம்'னு போட்டுக்குதே. அவ்ளோ நல்ல மனுசனாம்மா?"

"யாரு, இவரா? என் மோருல தண்ணிய ஊத்தி வித்துட்டு, கூடுதலா வந்த காசுக்கு சென்ட்டு வாங்கனவரு."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். மற்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன் மைனரு. நீ போனபிறகு அதுதான் முதல் தடவை. சிரித்ததும் என்னமோ மாதிரி ஆகிவிட்டது, தண்ணீர் குடித்தேன்.

சாயங்காலத்துக்குள் சுவர் முழுவதும் சுரண்டி, வெள்ளை அடித்துவிட்டார்கள். நடுவில் உன் போஸ்டர் மட்டும் அப்படியே நிற்கிறது. இப்போது முன்னைவிட எடுப்பாகத் தெரிகிறது. ஃபிரேம் போட்ட மாதிரி.

ரகுநந்தன் சார் வந்து பார்த்தார். பெருமூச்சு விட்டார். போய்விட்டார்.

அக்டோபர் 14

படம் வரைகிறவர் வந்திருக்கிறார். சின்னப் பையன் மாதிரி முகம், காதோரம் நரை. நல்ல கை. சுவரில் ஒரு சைக்கிள் ரிக்‌ஷா வரைந்திருக்கிறார். சக்கரத்தில் கம்பி கம்பியாக, மட்கார்டில் பூப்போட்டு, கூண்டின் மடிப்புகூட நிஜம் மாதிரி. நான் வாய் பிளந்துதான் பார்த்தேன்.

ஆனால் அதன் சீட்டில் சாக்பீஸால் ஒருத்தனைப் போட்டிருந்தார். வெற்று உடம்பு, தலையில் பெரிய முண்டாசு, முறுக்கு மீசை.

"யாருப்பா இவன்?"

"ரிக்‌ஷாக்காரர்மா. அந்தக் காலத்துல..."

"எந்தக் காலத்துல? என் மாமனாரும் ரிக்‌ஷாதான் ஓட்டனாரு. அவரு கூட சட்ட இல்லாம ஏறுனது கெடையாது. என் வூட்டுக்காரரு இஸ்திரி போடாத சட்டையில ஸ்டாண்டுக்கே போவ மாட்டாரு. இது யாரோ கட்டபொம்மனுக்கு வண்டி ஓட்டறவன் மாதிரி கீறான்."

ரகுநந்தன் சார் பக்கத்தில்தான் நின்றிருந்தார். பிறகு அவர் சொன்னதுதான் நான் எதிர்பார்க்காதது.

"சரிம்மா. உங்க வீட்டுக்காரரையே வரைஞ்சிடலாம். போஸ்டர்னா நாலு மாசம். ஓவியம்னா பத்து வருஷம் நிக்கும். நீங்களும் தினமும் பாத்துக்கிட்டே இருக்கலாம்."

உன்னிடம் மறைப்பதற்கு என்ன? ஒரு நிமிஷம் ஆசையாகத்தான் இருந்தது. சுவர் உயரத்துக்கு நீ.

"ஆனா கூலிங் கிளாஸ் வேணாம். பாரம்பரியமா இருக்காது. கண்ணு தெரியணும். கண்ணாடி இல்லாத போட்டோ ஏதாவது வீட்ல இருக்கா?"

"இல்ல," என்றேன்.

கல்யாணப் படம் பீரோவில் இருக்கிறது. சின்ன வயசில் வெடி பட்டு வெளுத்துப்போன உன் இடது கண்ணை அந்த ஒரு படத்தில்தான் பார்க்கலாம். அதற்கப்புறம் கூலிங் கிளாஸ் இல்லாமல் நீ தெருவில் இறங்கினதே கிடையாது. மைனர் என்று பேர் வந்ததே அதனால்தான். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினபிறகு கழற்றி ஜன்னல் கட்டையில் வைப்பாய். அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டுதான் நான் சோறு போடுவேன். அதைப் போய் தொப்பிக்காரர்கள் போட்டோ எடுப்பதற்குக் கொடுப்பேனா?

"வரையறதுன்னா கண்ணாடியோட வரைங்க. இல்லாட்டி வுட்டுடுங்க."

"அப்படின்னா ஆளே இல்லாம ரிக்‌ஷாவா?" என்றார்.

"இப்ப நெஜத்துல அப்பிடித்தான கீது," என்று கீழே நிற்கிற உன் வண்டியைக் காட்டினேன்.

படம் வரைகிறவர் துணியை நனைத்து முண்டாசுக்காரனைத் துடைத்துவிட்டார்.

அக்டோபர் 20

தீபாவளி. துக்க வீட்டில் எண்ணெய் வைக்கக் கூடாது, பலகாரம் சுடக் கூடாது என்றார்கள். செய்யவில்லை. டில்லி பெண்டாட்டி கொடுத்தனுப்பின முறுக்கில் ஒன்றை உன் சீட்டில் வைத்தேன். காக்கா தூக்கிக்கொண்டு போனது.

வெடிச் சத்தம் கேட்டால் நீ முகத்தை இடது பக்கம் திருப்பிக்கொள்வாய். இன்றைக்கு நான் திருப்பிக்கொண்டேன்.

அக்டோபர் 22

மழை ஆரம்பித்துவிட்டது. இனிமேல் மோர் ஓடாது. வேகவைத்த வேர்க்கடலைக்கு மாறிவிட்டேன். கடலைத் தட்டுக்கு மேலே கட்டுகிற பாலிதீனில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. வீணாகப் போகிறதே என்று போஸ்டர் மேல் கட்டினேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

அக்டோபர் 29

விடாத மழை. இடையில் மழை சற்று விட்ட நேரத்தில் ரகுநந்தன் சார் குடையோடு வந்தார். கூடவே சம்யுக்தா.

"அம்மா, மழை வந்துடுச்சே," என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

"வந்துச்சு."

"அப்புறம் பாலிதீன்?"

"கடலை நனையுது சார்."

"கடலை அந்தப் பக்கம் இல்ல இருக்கு?"

நான் குனிந்து காகிதப் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தேன். அவர்கள் போனதும் டில்லி வந்து பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். ஒரு கடலையை உரித்தான். வாயில் போடவில்லை.

"அண்ணி, ஒண்ணு கேட்டா கோச்சுக்க மாட்டியே?"

"கோச்சுக்குவேன்."

"மழைதான் எடுக்கணும்னு ஊரையே கூட்டுன. நானும் வண்டிய குறுக்க போட்டேன். இப்ப மழை வந்தா நீயே பாலிதீன் கட்டற. அப்ப அண்ணன் எப்பதான் போறது?"

"அவரு இன்னாத்துக்குப் போவணும்? உன் வூட்டு வாசல்லயா நிக்கிறாரு?"

"அதுக்கில்ல அண்ணி. பழக்கம்னு ஒண்ணு..."

"எனக்குப் பழக்கம் சொல்ல வந்துட்டியா? அன்னிக்கு டீக்கட வரைக்கும் அவர் கூட நடந்தவன் நீதான? அவர் சரியறப்ப எங்க பாத்துக்கினு இருந்த?"

சொல்லியிருக்கக் கூடாது. அவன் முகம் சுண்டிப்போனது. உரித்த கடலையைத் தட்டிலேயே திருப்பி வைத்துவிட்டு எழுந்து போனான்.

நவம்பர் 4

டில்லி ஸ்டாண்டில் அந்தப் பக்கம் திரும்பி நின்றான். நானும் கூப்பிடவில்லை.

நவம்பர் 11

நேற்று அடித்த காற்றில் பாலிதீன் ஒரு பக்கம் பிய்ந்து, போஸ்டரின் மேல் மூலை தொங்கிவிட்டது. மைதாவைக் கரைத்துக் காய்ச்சி, டப்பாவில் எடுத்துக்கொண்டு போனேன். தெருவில் முட்டியளவு தண்ணீர். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உன் வண்டி மேல் ஏறி நின்றேன். மழை திரும்பப் பிடித்துக்கொண்டது. பசை கையிலேயே கரைந்து ஓடுகிறது. நான் தடவ, மழை கழுவ, நான் தடவ.

திடீரென்று தலைக்கு மேலே குடை. சம்யுக்தா. இன்றைக்குக் கூட்டம் வரவில்லையாம். இவள் மட்டும் வந்திருக்கிறாள்.

"விழுந்துடப் போறீங்க ஆன்ட்டி. நான் பிடிச்சுக்கறேன், நீங்க ஒட்டுங்க."

"உங்க மொதலாளி பாத்தா?"

"திட்டுவாரு. பரவால்ல."

மூலையைத் தட்டி ஒட்டினேன். உன் நெற்றி கொஞ்சம் சுருங்கிவிட்டது. கோபமாக இருக்கிற மாதிரி தெரிகிறாய். இறங்கி வந்து இரண்டு பேரும் வாசலுக்குள் ஒதுங்கினோம். சூடு ஆறாத கடலை கொஞ்சம் இருந்தது. கொடுத்தேன். தோலோடு கடித்தாள். அண்ணா நகரில் கடலை உரிக்கச் சொல்லித் தர மாட்டார்களா என்று கேட்டேன். சிரித்தாள்.

தூண்களைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எட்டாவது தூண் ஒரு பெரிய புயல்ல விழுந்துடுச்சாம் ஆன்ட்டி. பழைய குறிப்புல இருக்கு. நான் அதைத்தான் எல்லாருக்கும் சொல்றேன்."

"அவரு வேற சொல்வாரு."

"என்ன சொல்வாரு?"

"இங்கிலீஷ்ல சொல்வாரு. என்னக் கையக் காட்டுவாரு. எல்லாரும் என்னப் பாப்பாங்க. அவ்ளோதான் எனக்குத் தெரியும்."

கடலையை மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். பிறகு தூண்களைப் பார்த்தாள். திரும்ப என்னை. கண்ணெல்லாம் நீர் கோத்துக்கொண்டது. கடலையில் உப்பு அதிகம் போலிருக்கிறது.

நவம்பர் 24

இன்றைக்கு நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

சம்யுக்தாவின் கூட்டத்தில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி. கையில் தடி, முட்டியில் பட்டி. மற்றவர்கள் வாசலை அண்ணாந்து பார்க்கும்போது இவள் நேராக உன் வண்டிக்கு வந்தாள். மணியைத் தட்டினாள். கூண்டைத் தடவினாள். அப்புறம் சுற்றுமுற்றும் பார்த்தாள். யாரைத் தேடுகிறாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

சம்யுக்தா கேட்டுச் சொன்னாள். ரொம்ப வருஷத்துக்கு முன்னால் புருஷனோடு வந்து உன் வண்டியில் சுற்றினவளாம். அந்தப் புருஷனும் இப்போது இல்லையாம். கறுப்புக் கண்ணாடி போட்ட ரிக்‌ஷாக்காரர் எங்கே என்று கேட்கிறாளாம்.

நான் எழுந்து போனேன். பாலிதீன் மேலெல்லாம் நீர்த்துளி, உள்ளே ஒரே புகை மாதிரி, உன் முகம் சரியாகத் தெரியவில்லை. முடிச்சை அவிழ்க்க வரவில்லை. பல்லால் கடித்து அவிழ்த்தேன். முழுவதையும் எடுத்துவிட்டேன்.

அவள் தமிழ் படிக்க மாட்டாள். ஆனாலும் படத்தைச் சுற்றிப் போட்டிருந்த பூ மாலையைப் பார்த்ததும் தெரிந்துகொண்டாள். தொப்பியைக் கழற்றினாள்.

அப்புறம் அவள் என்ன செய்தாள் தெரியுமா? தடியைத் தூக்கித் தூண்களைக் காட்டி எண்ண ஆரம்பித்தாள். உன்னை மாதிரியே இழுத்து இழுத்து, நீ செய்கிற மாதிரியே ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டி. ஏழு வரைக்கும் எண்ணினாள். எண்ணிவிட்டுத் தடியைக் கீழே ஊன்றினாள். இல்லாத கூலிங் கிளாஸைச் சரி செய்துகொண்டாள். கையைத் திருப்பி என்னைக் காட்டினாள். காட்டி, அதையே சொன்னாள். நீ சொல்வாயே, அதையே. அந்தச் சத்தம் எனக்கு மனப்பாடம். அர்த்தம்தான் தெரியாது.

சொல்லிவிட்டு என் தோளில் கையை வைத்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை. நானும் அப்படித்தான் இருந்திருப்பேன்.

சம்யுக்தா மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "ஆன்ட்டி, அவர் உங்களை..." என்று ஆரம்பித்தாள்.

"சொல்லாத."

"இல்ல ஆன்ட்டி, ரொம்ப அழகா..."

"வேணாம்மா. இத்தினி வருசம் கேட்டேன். அவரு வாயத் தொறக்கல. இப்ப நீ சொல்லி நான் தெரிஞ்சுக்கணுமா? அவருதான் சொல்லணும்."

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று அவள் என் கையில் அடித்து வாக்குக் கொடுத்தாள். கிழவிக்குக் கடலை கொடுத்தேன். காசை நீட்டினாள். கரண்டியை ஓங்கினேன். அவளுக்குப் புரிந்துவிட்டது.

எல்லோரும் போனபிறகு பாலிதீனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். மடித்துக் கடலைத் தட்டுக்கு அடியில் வைத்தேன். ஏன் என்று கேட்காதே.

டிசம்பர் 1

காலையிலிருந்து சாய்வு மழை. வாசல் வளைவுக்குள்ளேயே அடிக்கிறது. வீட்டில் இரு என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். போனேன்.

உன் எதிரில் உன் வண்டியிலேயே ஏறி, சவாரிக்கு வந்தவள் மாதிரி உட்கார்ந்துகொண்டேன். நாற்பது வருஷத்தில் அந்த சீட்டில் எத்தனை தடவை உட்கார்ந்திருப்பேன்? கல்யாணத்தன்று ஒரு தடவை. அப்புறம் பிரசவத்துக்கு. "பணம் குடுத்தா ஏத்திக்கினு போறேன் மேடம்" என்று வழியெல்லாம் கிண்டல் செய்துகொண்டே மிதித்தாய். இன்றைக்கு ஓசியில் உட்கார்ந்தேன்.

முதலில் எழுத்து போனது. பாசத்தின் சிகரம் கரைந்தது. பண்பின் இமயம் வழிந்தது. மாலை போனது. சட்டை போனது. நான் ஒட்டின மூலை மடங்கி நெற்றியை மூடியது. கூலிங் கிளாஸ் மட்டும் ரொம்ப நேரம் பிடிவாதமாக நின்றது. மை கெட்டி போலிருக்கிறது. நான் ஒரு கையும் வைக்கவில்லை மைனரு. ஒட்டவும் இல்லை, கிழிக்கவும் இல்லை. தொப்பலாக நனைந்துகொண்டு பார்த்தேன்.

பாதியில் யாரோ வந்து வண்டியின் முன்பக்கம் பிடித்துக்கொண்டு நின்றார்கள். டில்லி. அவனும் நனைந்துகொண்டு பார்த்தான்.

கடைசித் துண்டு தண்ணீரோடு இறங்கி வந்தபோது சொன்னான். "அன்னிக்கி நான் சில்லறை மாத்தப் போயிருந்தேன் அண்ணி. திரும்பிப் பாக்கறதுக்குள்ள..."

"தெரியும்டா."

"டீயில சக்கர கம்மின்னு கடக்காரர திட்டிக்கினு இருந்தாரு. அதான் கடசி."

"பாசத்தின் சிகரம்," என்றேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

டிசம்பர் 3

ரகுநந்தன் சார் வந்தார். முகத்தில் சந்தோஷத்தை அடக்கப் பார்த்தார், பாவம்.

"மழையே எடுத்துக்கிச்சு இல்லம்மா? இப்ப அந்த சீட்ல ஆளை வரைஞ்சிடலாம். அப்படியே இந்தப் பழைய வண்டியையும் கடலைத் தட்டையும் கொஞ்சம் தள்ளி வெச்சுக்கிட்டீங்கன்னா, கூட்டம் நிக்க இடம் கிடைக்கும்."

"போஸ்டர் போச்சு சார். நான் போவல."

"அதுக்கில்லம்மா..."

"மழை எடுத்தத நான் கேக்கல. பழக்கம் அப்பிடி. ஆனா மழை எடுக்காதது எதையும் நீங்க எடுக்க முடியாது. வண்டி இங்கதான் நிக்கும். நான் இங்கதான் குந்துவேன். செவுத்துல கீற சீட்டு காலியாவே இருக்கணும். முண்டாசு கட்டினவன் எவனாவது அதுல ஏறினான், நான் கரி எடுத்துக் கண்ணாடி போட்டுடுவேன்."

டில்லி பின்னால் நின்று "போடுவாங்க சார், கை நல்லா ஓடும்," என்றான்.

அவர் சம்யுக்தாவைத் திரும்பிப் பார்த்தார். அவள் உன் வண்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள்.

"காலியா இருக்கட்டும் சார்," என்றாள். "வர்றவங்க ஏன் காலின்னு கேப்பாங்க. நான் சொல்றேன்."

"என்ன சொல்வே?"

"ஏகாம்பரம்னு ஒருத்தர் இருந்தாருன்னு."

உன் முழுப் பேரை ஒருத்தர் வாயால் கேட்டு எவ்வளவு நாளாயிற்று.

டிசம்பர் 14

திருவிழா. தெரு முழுக்கத் தோரணம், ஒரே கூட்டம். கடலை மதியத்துக்குள் தீர்ந்துவிட்டது. குழந்தைகள் சுவரில் இருக்கிற காலி சீட்டை எட்டி எட்டித் தொட்டுப் பார்க்கிறார்கள். டில்லி உன் வண்டிக்கு எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருக்கிறான். நானும் இன்றைக்கு நல்ல புடவைதான் கட்டிக்கொண்டு வந்தேன். புருஷன் போன வருஷத்தில் கலர் புடவையா என்று ஒருத்தி கேட்டாள். நீ வாங்கிக் கொடுத்தது, உன்னிடம் போய்க் கேட்கச் சொன்னேன்.

சம்யுக்தா பெரிய கூட்டத்தோடு வந்தாள். எல்லோரும் விரலை நீட்டி எண்ணினார்கள். ஏழு வரைக்கும் வந்து விரல் நின்றது. ஒருத்தர் எட்டாவது எங்கே என்று கேட்டார்.

புயல் கதையைச் சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. என்னைப் பார்த்தாள். ஒரு வார்த்தையும் பேசவில்லை, என்னிடம் கொடுத்த வாக்கு அப்படி. ஆனால் அவள் பார்த்ததும் எல்லோரும் பார்த்தார்கள்.

முன்பெல்லாம் இந்த இடத்தில் தலையைக் குனிந்துகொள்வேன், இல்லாவிட்டால் உன்னைத் திட்டுவேன். இன்றைக்குக் குனியவில்லை. முதுகை நிமிர்த்தி, கையை மடியில் வைத்து, அசையாமல் உட்கார்ந்திருந்தேன். நன்றாகப் பார்க்கட்டும். எத்தனை பேர் வேண்டுமானாலும் பார்க்கட்டும். எந்தப் புயலுக்கும் நான் இந்த இடத்தை விட்டு நகரப் போவதில்லை.

வீட்டுக்கு வந்துவிட்டேன். கதவைச் சாத்திவிட்டேன். உன் கண்ணாடி ஜன்னல் கட்டையில்தான் இருக்கிறது. இங்கே நம் இரண்டு பேரைத் தவிர யாரும் இல்லை. இப்போதாவது மழுப்பாமல் சொல். யோவ் மைனரு, அத்தனை வருஷமும், அத்தனை பேரிடமும், என்னைக் கையைக் காட்டி என்னய்யா சொன்னாய்?